நாலு சக்கர இழுவைச் சின்னக் கார்: கடலூர் – புதுச்சேரி ஓட்டத்தில் வரும் தொல்லைகளும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும்

கடலூர், புதுச்சேரி பக்கத்தில் ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கர இழுவை) கார் வைத்திருப்பவர்கள் குறைவு. அதைப் பிரித்து வேலை பார்த்த கைகள் அதைவிடக் குறைவு. அதனால் வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும் பழி முதலில் நாலு சக்கர இழுவை மேல்தான் விழும். “ஃபோர் வீல் போயிடுச்சு சார், இறக்கிப் பாக்கணும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நடக்கும் பேச்செல்லாம் எஸ்டிமேட் பற்றித்தான். இறக்குவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. டயர், தண்ணீர், உப்பு இந்த மூன்றையும் விசாரிக்காமல் கப்ளிங் (பின்சக்கரங்களுக்கு விசையை இணைக்கும் பகுதி) பக்கம் யாரையும் போக விடாதீர்கள்.

எந்த வண்டிகளைச் சொல்கிறேன்? ஜப்பானில் ஸ்விஃப்ட்டும் இக்னிஸும் நாலு சக்கர இழுவையோடும் வந்திருக்கின்றன. நம் ஊரில் அதே பெயர்களில் ஓடுபவை முன்சக்கர இழுவை மட்டுமே. ஹேட்ச்பேக்குக்குக் கிட்டத்தில் வரும் அளவில், அன்றாடம் ஆபீசுக்கு ஓட்டும் விலையில் இங்கே கிடைப்பவற்றில் நான் சொல்பவை 2014-ல் வந்த டஸ்டர் ஆல் வீல் டிரைவும் (இப்போது பழைய வண்டிச் சந்தையில்), 2022-ல் வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டின் ஆல் வீல் டிரைவ் மாடல்களும். எல்லாம் ஐந்து கதவு, நாலேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம்.

இவற்றின் வேலை ஒன்றுதான். சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலும் முன்சக்கரங்கள் இழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால், பின் டிஃபரன்ஷியலுக்கு (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) முன்னால் இருக்கும் கப்ளிங்கை கம்ப்யூட்டர் இறுக்கி, பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். வழுக்குகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? நாலு சக்கரத்திலும் இருக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) சென்சார்கள் சொல்லும் வேகத்தை வைத்துத்தான் முக்கியமாகக் கணக்குப் போடுகிறது. சக்கரம் பொய் சொன்னால் கம்ப்யூட்டரும் பொய்யை நம்பும். கீழே வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது வண்டி முரண்டு பிடிக்கிறது

பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி தடங்கும். சில சமயம் டயர் துள்ளும், அடியிலிருந்து ‘முறுக்’கென்று ஒரு சத்தம் வரும். புதுச்சேரி உள்தெருக்களில் வண்டியைத் திருப்பி எடுப்பவர்களுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதலில் மோடு திருகியை (ஆட்டோ, லாக் என்று மாற்றும் குமிழ்) பாருங்கள். அது ‘லாக்’கில் இருந்தால் இது கோளாறே இல்லை. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடியாக வேண்டும். லாக்கில் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். காய்ந்த தார் ரோட்டில் டயரும் வழுக்கிக் கொடுக்காது, அதனால் முறுக்குகிறது. சர்வீசுக்கோ வாட்டர் வாஷுக்கோ போய் வந்த வண்டியில் இந்தத் திருகி இடம் மாறியிருப்பது சாதாரணம். ஆட்டோவில் வைத்துவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள்.

ஆட்டோவிலும் முரண்டினால் டயர்தான். பலரும் ஒப்புக்கொள்ளாத இடம் இது. டயர் கடையில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரியும்: “முன்னாடி ரெண்டு மட்டும் போட்டுக்குங்க சார், பின்னாடி இன்னும் பத்தாயிரம் ஓடும்.” முன்சக்கர இழுவை வண்டிக்கு அவர் சொல்வது நல்ல யோசனை. இந்த வண்டிக்கு அது வினை.

கணக்கைப் பாருங்கள். 215/60 ஆர் 17 டயரின் விட்டம் ஏறக்குறைய 690 மி.மீ. ஒரு சுற்றுக்கு 2,167 மி.மீ. ஓடும். பட்டன் (டயரில் தரையைத் தொடும் ரப்பர் மேடு) 4 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 8 மி.மீ. குறைகிறது, சுற்றளவில் 25 மி.மீ. போகிறது. தேய்ந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். மஞ்சக்குப்பத்தில் கிளம்பி ராஜீவ் காந்தி சிலைக்கு வருவதற்குள் நூறு சுற்றுக்கு மேல் வித்தியாசம் சேர்ந்துவிடும். சின்ன வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும். எல்லை தாண்டினால் ‘சக்கரம் வழுக்குகிறது’ என்று எண்ணி, நேர் ரோட்டிலேயே கப்ளிங்கை லேசாகக் கடிக்க வைக்கும். அது சூடாகி, ஆயில் கெட்டு, பிறகுதான் நிஜமாகவே “ஃபோர் வீல் போயிடுச்சு” ஆகும்.

அளக்க ஒரு வழி. சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, நாலு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. ஆள் வைத்து வண்டியை நேராகத் தள்ளுங்கள். டயரில் உள்ள கோடு ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி தரையைத் தொடும் இடத்தில் அடுத்த கோடு. இடம் இருந்தால் மூன்று சுற்று தள்ளி மூன்றால் வகுத்தால் இன்னும் துல்லியம். தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான், எட்டாது. கொத்தனாரின் ஸ்டீல் டேப் வேண்டும். இந்த முறையில் காற்று குறைந்த டயரும் மாட்டிக்கொள்ளும் என்பதால், அளப்பதற்கு முன் காலையில் டயர் சூடாவதற்கு முன்பே, கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ளபடி காற்றைச் சரி செய்துவிடுங்கள். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்தானா என்றும் பாருங்கள். அளவு எண் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜ விட்டம் கொஞ்சம் மாறும். எவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பட்டனில் 2, 3 மி.மீ.யைத் தாண்டினாலே நான் நாலையும் மாற்றச் சொல்வேன்.

டயரெல்லாம் ஒன்றாக இருந்தும் தொல்லை தீரவில்லையா? டஸ்டரில் இரு சக்கர மோடு தனியாக உண்டு. அதில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். முரண்டு நின்றால், கப்ளிங்குக்குத் தவறான கட்டளை போகிறது அல்லது ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிற்கவில்லை என்றால் கப்ளிங் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இப்போதுதான் மெக்கானிக்கிடம் இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பஞ்சர் ஆனால் இதே விதி. ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் கிட்டத்து பஞ்சர் கடை வரைக்கும்தான், மெதுவாக. இரு சக்கர மோடு இருந்தால் அதில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியும் முழு அளவில், அதே மாடல் என்றால் ஐந்து டயரையும் சுழற்சியில் ஓட்டிவிடுங்கள். பிற்பாடு ஒன்று வெடித்தால் ஜோடி தேடி அலைய வேண்டாம்.

மழைக்கு அப்புறம் டேஷ்போர்டில் விளக்குகள் கூட்டமாக எரிகின்றன

ஏபிஎஸ், இஎஸ்பி (வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஏற்பாடு), ஆல் வீல் டிரைவ், ஹில் ஹோல்டு எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால் பயப்பட வேண்டாம். நாலு கோளாறு ஒரே நாளில் வராது. ஒரு சக்கரத்தின் சென்சார் பேசுவதை நிறுத்தியிருக்கும். அதை நம்பியிருந்த எல்லாமே வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். வண்டி முன்சக்கர இழுவையில் ஓடும். ஏபிஎஸ் இல்லாததால் ஈர ரோட்டில் பிரேக்கை முன்கூட்டியே, பதமாக மிதியுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு: ஓரம் கட்டி பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஓட்டாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜினின் கோளாறு எண்களை (ஃபால்ட் கோடு) மட்டும் படிக்கும். ‘கோளாறு ஒன்றும் இல்லை’ என்று அது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஏபிஎஸ் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள கடைக்குப் போய், அந்த எண்களை அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். “அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அழித்துவிட்டால் எந்தச் சக்கரம் என்ற தடயமே போய்விடும். அடுத்த மழையில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

சக்கரம் தெரிந்ததும் அங்கே போய்ப் பாருங்கள். சென்சார் ஒயர் சாக்கெட்டுக்குள் தண்ணீர், பின்னில் பச்சை பூத்திருப்பது, ஹப்பில் துரு ஏறி சென்சாரைத் தள்ளியிருப்பது, ஒயரை எலி கடித்திருப்பது. கடலோரத்தில் பச்சைப் பூப்புதான் அதிகம். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ வீட்டு வாசலில் வண்டி நிற்கிறதென்றால் மழையே தேவையில்லை, உப்புக் காற்றே போதும். சாக்கெட்டைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய விட்டு மாட்டினாலே பல சமயம் விளக்கு அணைந்துவிடும். புது சென்சார் வாங்குவது அதற்கப்புறம்.

மழை இல்லாத காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதே இவை எரிந்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சந்தேகம் அதன் மேல். வீல் அலைன்மென்ட் செய்த மறுநாள் இஎஸ்பி விளக்கு வந்தால், ஸ்டியரிங் நேராக இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கவில்லை. அலைன்மென்ட் கடைக்கே திரும்பிப் போங்கள்.

தேங்கிய தண்ணீரில் போய் வந்த பிறகு

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி கடலூர் பக்கமும் ஊருக்குள் வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்ற தெம்பில் தண்ணீரில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இழுவை எத்தனை சக்கரத்தில் என்பதற்கும் என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு கிராங்கில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் ரெக்கவரி வண்டிதான்.

என்ஜின் தப்பிவிட்டது, வண்டி ஓடி வந்துவிட்டது என்றால் வேறொரு வேலை இருக்கிறது. தண்ணீர் சக்கரத்தின் நடு மூடியைத் தொட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தொட்டிருந்தால் பின் டிஃபரன்ஷியலும் நனைந்திருக்கிறது. ஓடிச் சூடான இரும்புக் கூடு சட்டென்று தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. மாதக்கணக்கில் பேரிங் துருப்பிடித்து, பிறகு ஊளையிட ஆரம்பிக்கும். முன்சக்கர இழுவை வண்டிக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. அதனால் மழை செக்-அப்பில் பழக்கமான கடைகள்கூட இதை விட்டுவிடுகின்றன.

லிஃப்டில் ஏற்றி, டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் போல்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள். வடிக்கும் போல்டை முதலில் கழற்றிவிட்டு, ஊற்றும் போல்ட் துருவில் இறுகித் திரும்ப மறுத்தால் ஆயில் இல்லாத வண்டி லிஃப்டில் தொங்கும். விரலை உள்ளே விட்டு எடுங்கள். தேன் நிறத்திலோ கறுத்தோ இருந்தால் தண்ணீர் இல்லை. பால் காபி நிறத்தில் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. வடித்துப் புது ஆயில் ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் வெளுப்பு இருந்தால் மீண்டும் ஒரு முறை.

“எல்லாத்துக்கும் தொண்ணூறு ஆயில்தான் சார்” என்று 90 கிரேடு கியர் ஆயிலைச் சொல்லும் கை இங்கே ஆபத்து. சில வண்டிகளில் டிஃபரன்ஷியலுக்கு ஒரு ஆயில், கப்ளிங்குக்கு வேறு ஆயில். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

வேகம் கூடக் கூட ஊளைச் சத்தம்

தவளக்குப்பம் தாண்டி ரோடு கொஞ்சம் விட்டதும் ‘உய்ங்’கென்று ஆரம்பிக்கும். ரோட்டின் மேல்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். பட்டனைக் கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் ரம்பப் பல்லாகக் குத்தும். வலது பக்கம் வளையும்போது கூடி, இடது பக்கம் வளையும்போது குறைந்தால் இடது வீல் பேரிங். எடை அப்போது இடப்பக்கம் சாய்கிறது. மறுபக்கத்துக்கும் இதே கணக்கு. ஆக்சிலரேட்டரில் காலை வைக்கும்போது ஒரு குரல், எடுக்கும்போது வேறு குரல் என்றால் டிஃபரன்ஷியல். கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ‘கும் கும்’ என்று அதிர்ந்தால் புரபல்லர் ஷாஃப்டின் (விசையைப் பின்னால் கொண்டுபோகும் நீளத் தண்டு) நடு பேரிங் ரப்பரைப் பாருங்கள்.

இதைச் சோதிக்கும் சாக்கில் முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு ஆக்சிலரேட்டர் கொடுக்க யாரையும் விடாதீர்கள். முன்சக்கரம் காற்றில் சுற்றினால் கம்ப்யூட்டருக்கு அது வழுக்கல். பின்சக்கரத்துக்கு விசை போகும், வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பும் லிஃப்ட் வேண்டும். அதே காரணத்துக்காக, ஒரு ஆக்ஸிலை மட்டும் உருளையில் ஏற்றும் பிரேக் டெஸ்ட் மெஷினில் வைப்பதற்கு முன் ‘இது ஆல் வீல் டிரைவ்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முழு ஒடிப்பில் ‘டக் டக் டக்’

ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மணல் புகுந்திருக்கும். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் சிதறலே காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் வருவதற்கு முன் பிடித்தால் பூட் செலவு, வந்தபிறகு ஆக்ஸில் செலவு. இந்த வண்டியில் பின்னாலும் இதே ஜாயின்ட்கள் உண்டு, அதையும் குனிந்து பாருங்கள்.

மைலேஜ் இறங்கிவிட்டது

எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்ளுங்கள் முதலில். மேனுவல் கியர் கிராண்ட் விட்டாராவில் இரு சக்கர இழுவை மாடலுக்கு கம்பெனி சொன்னது லிட்டருக்கு 21.11 கி.மீ., ஆல் வீல் டிரைவுக்கு 19.38. கூடுதல் எடையும், எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டும்தான் அந்த வித்தியாசம். முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை நெரிசலில் அந்தக் கணக்கும் இன்னும் இறங்கும்.

திடீரென்று இறங்கினால்தான் தேட வேண்டும். ஸ்போர்ட் மோடில் கிடக்கிறதா, காற்று சரியா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், பொசுக்கிவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. உப்புக்காற்றில் காலிப்பர் பின்கள் இறுகுவது இங்கே சகஜம். கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவினால் போதும்.

மேனுவல் வண்டியில் இன்னொன்று. நாலு சக்கரமும் பிடித்துக்கொள்வதால் டயர் வழுக்க வேண்டிய இடத்தில் கிளட்ச் வழுக்கும். நாலாவது கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கவில்லை

வழுக்கலில் கிளம்பத்தான் ஆல் வீல் டிரைவ் உதவும். நிற்பதற்கு எல்லாக் காரிலும் நாலு சக்கர பிரேக்தான். சும்மாவே சறுக்கினால் பட்டனைப் பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேடு டயரின் மேல்பரப்போடு சமமாகிவிட்டால் சட்டப்படியே அது ஆயுள் முடிந்த டயர். மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது என் பழக்கம். காலையில் முதல் பிரேக்கில் மட்டும் ‘கரகர’ என்றால் இரவில் படிந்த மெல்லிய துரு, ரெண்டு மிதியில் போய்விடும்.

மணலில் சிக்கி, ‘சூடு’ விளக்கு எரிகிறது

வீராம்பட்டினம் பக்கம் வண்டி திருப்பப் போய் மணலில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். கப்ளிங் சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகிவிடும், பின்சக்கரம் செத்ததுபோல் நிற்கும். ஆக்சிலரேட்டரை விடுங்கள். என்ஜினை ஐடிலில் விட்டுக் காத்திருந்தால் விளக்கு அணையும். அதற்குள் டயர்களில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, இஎஸ்பியை அணைத்து, லாக்கில் போட்டு மெல்ல எடுங்கள். ரோடு ஏறியதும் லாக்கை எடுத்துவிட்டுக் காற்று பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுமே நகரவில்லை, இழுத்துப் போக வேண்டும்

அடைமழையில் சில நாள் நின்ற வண்டி என்றால், பின் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முன்னும் பின்னும் ரிவர்ஸ் – முதல் கியர் மாற்றி மெதுவாக அசைத்தால் ‘டப்’பென்று விடும். அடுத்த முறை ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நிஜமாகவே தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கொக்கியில் மாட்டிப் பின்சக்கரத்தை ரோட்டில் உருட்டிக்கொண்டு போகும் வண்டி வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். கப்ளிங்கும் டிஃபரன்ஷியலும் அந்தப் பயணத்திலேயே நாசமாகும். போனில் பேசும்போதே “ஆல் வீல் டிரைவ், முழு வண்டியும் மேல ஏத்துற பிளாட்பெட்தான் வேணும்” என்று சொல்லுங்கள். இல்லை என்றால் பின்சக்கரத்துக்கு அடியில் வைக்கும் டாலி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லை என்றால், விடிந்த பிறகு வேறு ஆளைக் கூப்பிடுவதே மேல்.